கிலோவுக்கு அறுபத்து நாலு

எட்டு வருஷமாக அந்தப் பன்னிரண்டு மாடி அலுவலகக் கட்டடத்தைக் கூட்டித் துடைத்துவந்தவளுக்குக் கூட வேலை பார்த்த பெண்கள் வைத்த பெயர் எண்ணியக்கா. எதைக் கையில் கொடுத்தாலும் எண்ணிப் பார்ப்பாள். தீப்பெட்டி வாங்கினால் குச்சியை எண்ணுவாள். மாத்திரை அட்டை வாங்கினால் மருந்துக்கடை வாசலிலேயே நின்று எண்ணுவாள். கிடங்கிலிருந்து குப்பைப் பைக் கட்டு வந்தால், மேலே நூறு என்று அச்சடித்திருந்தாலும் பிரித்து எண்ணி, தொண்ணூற்றேழுதான் இருக்கிறது என்று மேற்பார்வையாளர் முன்னால் போய் நிற்பாள். பெரும்பாலும் அவள் சொன்னதுதான் சரியாக இருக்கும். அதனாலேயே அவளைக் கண்டால் மேற்பார்வையாளருக்கு முகம் சுருங்கும்.

அவள் கணவர் வீடுகளுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவர். முழங்கால் இரண்டும் மக்கர் பண்ண ஆரம்பித்ததும் வீட்டோடு இருந்துவிட்டார். யார் வந்தாலும் ஒரு கதை சொல்வார்: "என்னைக் கட்டிக்கிறதுக்கு முன்னாடி இவ என் பல்ல எண்ணிப் பாத்தா. ஒண்ணு குறைஞ்சிருந்ததுக்கு ஒரு வாரம் யோசிச்சா." வந்தவர்கள் சிரிப்பார்கள். அவள் சிரிக்க மாட்டாள்.

எண்ணும் பழக்கம் அவளுக்குப் பிறவியில் வந்ததல்ல. பத்தொன்பது வயதில் ஒரு தையல் ஆலையில் சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள். எத்தனை காலரோ அத்தனைக்குக் கூலி. எண்ணிக்கை எழுதுகிறவர் மேஸ்திரி. நல்ல மனிதர், எல்லோரையும் வாய் நிறைய "பாப்பா" என்று கூப்பிடுகிறவர். இரண்டு வருஷம் கழித்து ஒரு நாள் சும்மா விளையாட்டாக மிஷினின் காலில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டே தைத்தாள். சாயங்காலம் பார்த்தால் மேஸ்திரியின் நோட்டில் பன்னிரண்டு குறைந்தது. மறுநாளும் பன்னிரண்டு. அதற்கடுத்த நாளும். சொன்னபோது பக்கத்து மிஷின்காரிகள்கூட அவளைத்தான் திட்டினார்கள். வேலை போயிற்று. ஆறு மாதத்தில் மேஸ்திரி வேறொரு திருட்டில் அகப்பட்டுக்கொண்டார். ஆனால் அவளைத் திரும்பக் கூப்பிட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. வாய் நிறையப் பேசுகிறவர்கள் மேல் அவளுக்கு அன்றைக்கு விழுந்த சந்தேகம் பிறகு எல்லோர் மேலும் படர்ந்துவிட்டது.

கட்டடத்தில் ஒவ்வொரு மாடியிலும் குளிர்பான மிஷின் ஒன்று இருந்தது. காசு போட்டால் கேன் விழும். குடித்துவிட்டு ஜன்னல் ஓரத்திலும் கணினிக்குப் பின்னாலும் கழிப்பறைத் தொட்டி மேலும் வைத்துவிட்டுப் போவார்கள். காலி கேன்களை யார் பெருக்குகிறார்களோ அவர்களே எடுத்துக்கொள்ளலாம் என்பது நிர்வாகம் கண்டும் காணாமலும் விட்டிருந்த சலுகை. எண்ணியக்காவுக்கு ஏழாவது மாடியும் எட்டாவது மாடியும். எட்டாவதில் இளவட்டங்கள் அதிகம். தண்ணீர் குடிப்பதாகவே தெரியவில்லை. வாரத்துக்கு முந்நூற்று இருபது கேனுக்குக் குறையாது.

கேன்களைக் கழுவி, வடியவிட்டு, குதிகாலால் நசுக்கி, சனிக்கிழமை மத்தியானம் இரண்டு தெரு தள்ளியிருந்த பழைய இரும்புக் கடைக்குக் கொண்டுபோவாள். கடைக்காரர் ஐம்பத்தைந்து வயசு மனிதர். பேச்சு குறைவு. கழுத்தில் ஒரு கயிற்றில் காந்தம் தொங்கும். தகரக் கேன் காந்தத்தில் ஒட்டும், அலுமினியம் ஒட்டாது. தகரத்துக்குக் கிடைப்பது அலுமினியத்துக்குக் கிடைப்பதில் கால் பங்குகூட இல்லை என்பதால் கலந்துகொண்டு வருகிறவர்கள் உண்டு. கேனுக்குள் மண்ணைப் போட்டு நசுக்கிக்கொண்டு வருகிறவர்களும், தண்ணீர் விட்டு வாயை மடக்கிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. அதனால் அவர் மூட்டையைத் தரையில் கொட்டி ஒவ்வொரு கேனையும் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் தராசில் ஏற்றுவார்.

எண்ணியக்கா முதல் தடவை போனபோதும் அப்படித்தான் செய்தார். அவர் கேனை ஆட்ட ஆட்ட, அவள் எதிரே குந்தி உட்கார்ந்து எண்ணிக்கொண்டே இருந்தாள். கடைசியில் தராசு முள்ளையும் குனிந்து பார்த்தாள்.

"கிலோவுக்கு அறுபத்து நாலு நிக்குது, அண்ணே," என்றாள்.

"நிக்கும்," என்றார் அவர். "நீயும் என்னை நம்பல, நானும் உன்னை நம்பல. கணக்கு சரியா இருக்கும்."

அவளுக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போயிற்று. முந்நூற்று இருபது கேன், ஐந்து கிலோ. வாராவாரம் அதே கணக்கு. மூன்றாவது மாதத்திலிருந்து அவர் அவள் மூட்டையை மட்டும் பிரிக்காமலே எடை போட்டார். இப்படி ஏழு வருஷத்துக்கு மேல் ஓடிற்று.

ஒரு சனிக்கிழமை முள் ஐந்துக்கு வரவில்லை. நாலு கிலோ தொள்ளாயிரத்தில் நின்றது. எண்ணிக்கையில் தவறியிருப்போம் என்று முதல்முறையாகத் தன்னையே சந்தேகப்பட்டு, அவள் ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டாள். அடுத்த வாரம் இரண்டு தடவை எண்ணிக்கொண்டு போனாள். நாலு எழுநூறு. அதற்கடுத்த வாரம் நாலு ஐந்நூறு. பிறகு நாலு முந்நூறு.

"கொஞ்சம் கொஞ்சமா கை வைக்கிறான்," என்று வீட்டில் கணவரிடம் சொன்னாள். "ஒரேயடியா அடிச்சா தெரிஞ்சுபோயிடும்னு பாக்கிறான். கைதேர்ந்த ஆளு."

"ஏழு வருஷம் ஒழுங்கா இருந்தவரு இப்ப எதுக்கு உன் கேனுல வந்து கை வைக்கணும்?"

"ஏழு வருஷம் ஒழுங்கா இருந்தாத்தானே எட்டாவது வருஷம் நம்புவாங்க."

அதற்குப் பிறகு அவள் கடைக்குப் போனால் கண் கடைக்காரரின் மேலேயே இருந்தது. அவர் முழங்கால் தராசுத் தட்டில் படுகிறதா, கட்டைவிரல் எங்கே இருக்கிறது, தட்டுக்கு அடியில் ஏதாவது ஒட்டவைத்திருக்கிறாரா என்று பார்த்தாள். செருப்பைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்து அடிப்பக்கத்தையும் பார்த்தாள். ஒன்றும் இல்லை. ஒரு வாரம் பிரிக்காத இரண்டு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தைப் பையிலிருந்து எடுத்து, "இதைக் கொஞ்சம் போட்டுப் பாருங்க" என்றாள். அவர் அவளை ஒரு கணம் பார்த்துவிட்டு வாங்கித் தட்டில் வைத்தார். சரியாக இரண்டு கிலோ.

வேறு யாராக இருந்தாலும் அத்தோடு சமாதானம் ஆகியிருப்பார்கள். அவள் வழி நெடுக யோசித்துக்கொண்டே வந்தாள். சர்க்கரைப் பொட்டலத்தின் எடை ஊருக்கே தெரியும். அதில் போய் யாராவது கை வைப்பார்களா? தெரிந்த எடைக்கு ஒரு வித்தை, தெரியாத எடைக்கு ஒரு வித்தை வைத்திருப்பான்.

அடுத்த வாரம் நேரடியாகவே கேட்டுவிட்டாள்.

"அண்ணே, முந்நூத்தி இருபது கேன். எண்ணிக் கொண்டாந்திருக்கேன். எழுநூறு கிராம் எங்க போச்சு?"

கடைக்காரர் ஒரு கேனை எடுத்து விரலால் அமுக்கிக் காட்டினார். "கேன் இளைச்சுப்போச்சு, தங்கச்சி. முந்தி மாதிரி தகடு இல்ல. கம்பெனிக்காரன் மெலிசாக்கிட்டான்."

"கேன் இளைக்குமா? அதுக்கென்ன சர்க்கரை வியாதியா வந்திருக்கு?"

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். கடைக்காரர் சிரிக்கவில்லை. "நம்பினா நம்பு" என்று சொல்லிப் பணத்தைக் கொடுத்தார். அந்த 'நம்பினா நம்பு' தான் அவளுக்குக் கடைசிச் சான்றாகப் பட்டது. கையில் குற்றம் இல்லாதவன் கத்தியிருப்பான், சண்டைக்கு வந்திருப்பான் என்று நினைத்தாள்.

அந்த மாதம்தான் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே புதுக்கடை ஒன்று திறந்திருந்தது. சிவப்பு எழுத்தில் எண் காட்டும் மின்தராசு, மேலே மின்விசிறி, வருகிறவர்கள் உட்கார பெஞ்சு. புதுக்கடைக்காரன் முப்பது வயசுக்காரன், சுறுசுறுப்பு. எண்ணியக்கா மூட்டையோடு போய் நின்றதும் அவன் கேட்ட முதல் கேள்வி, "கிலோவுக்கு எத்தனை நிக்கும்னு வச்சிருக்கீங்க, அக்கா?"

"அறுபத்து நாலு."

"அடேயப்பா, எண்ணியே வச்சிருக்கீங்களா? எத்தனை கொண்டாந்திருக்கீங்க?"

"முந்நூத்தி இருபது."

தராசில் ஏற்றினான். சிவப்பு எழுத்தில் ஐந்து கிலோ வந்து நின்றது. அவளுக்கு வயிறு குளிர்ந்தது. இனிமேல் கேனை நசுக்கவும் வேண்டாம், அப்படியே கொண்டுவந்தால் போதும், மிஷினில் நசுக்கிக்கொள்கிறோம் என்றான்.

திங்கட்கிழமை சாப்பாட்டு இடைவேளையில் விஷயம் கட்டடம் முழுக்கப் பரவிற்று. அவள் கத்திச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. எண்ணியக்காவே எடை குறைகிறது என்று கடையை மாற்றிவிட்டாள் என்றால் அதற்கு மேல் யாருக்கு என்ன அத்தாட்சி வேண்டும்? ஆறாவது மாடியைப் பார்த்துக்கொண்ட ஒல்லி மறுநாளே மாறினாள். அந்தப் பெண்ணின் உடம்பைப் பார்த்து வைத்த பெயர் அது. இரண்டு பிள்ளைகளோடு தனியாக இருப்பவள். "எண்ணுறதுக்குத்தான் நீ இருக்கியே அக்கா, எனக்கெதுக்கு அந்தத் தலைவலி?" என்று எண்ணியக்காவின் பின்னாலேயே வருகிறவள். மற்ற மாடிக்காரிகளும், பக்கத்துக் கட்டடத்துப் பெண்களும் பின்தொடர்ந்தார்கள். ஒரு மாதத்துக்குள் பழைய கடையில் சனிக்கிழமை வரிசை காணாமல்போயிற்று. அந்த வழியாகப் போகும்போது கடைக்காரர் வாசலில் பழைய சைக்கிள் ஒன்றைப் பிரித்துக்கொண்டிருப்பது தெரியும். எண்ணியக்கா எதிர்ப்பக்கமாகப் போவாள்.

ஏழு வாரம் புதுக்கடையில் ஐந்து கிலோ, ஐந்து கிலோ என்றே வந்தது. எட்டாவது வாரம் விற்றுவிட்டு வீட்டுக்கு வந்தவள் குளியலறைக் கதவைப் பார்த்து நின்றாள். தண்ணீர் பட்டு அடிப்பக்கம் மக்கிப்போயிருந்த மரக்கதவு. அதன் இடுப்பு உயரத்துக்கு வெள்ளி மாதிரி தகடு மினுங்கியது. கணவர் கத்தரிக்கோலோடு தரையில் உட்கார்ந்திருந்தார். கேனின் மேல்மூடியையும் அடியையும் வெட்டி எறிந்துவிட்டு நடுவைப் பிரித்தால் உள்ளங்கையைவிடப் பெரிய தகடு ஒன்று வரும். அதை ஆணியடித்து எலிப்பொந்தை அடைப்பார், எண்ணெய் ஊற்றப் புனல் செய்வார், விளக்குக்குப் பின்னால் வளைத்து வைத்து வெளிச்சத்தைக் கூட்டுவார். வாரத்துக்கு இரண்டு மூன்று கேன் எடுப்பது வழக்கம்தான். அவளிடம் சொல்லிவிட்டுத்தான் எடுப்பார்.

"இதுக்கு எத்தனை கேன் எடுத்தீங்க?"

"நாப்பது இருக்கும்."

"எப்போ?"

"நேத்து நீ வேலைக்குப் போனப்ப. சொன்னா விடமாட்டேன்னு சொல்லல. நசுக்காம வச்சிருந்ததால வாகா போச்சு. மூட்டையை உலுக்கி வச்சுட்டேன், தெரியலல்ல?"

அவர் திட்டு வாங்கத் தயாராக இருந்தார். அவளோ கதவைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கும் முந்நூற்று இருபது என்றுதான் சொன்னாள். மூட்டையில் இருந்தது இருநூற்று எண்பது. தராசு ஐந்து கிலோ காட்டியது.

"என்னம்மா, உடம்பு சரியில்லையா?"

"அந்தத் தராசு எடை போடல," என்றாள். "நான் சொல்றதைக் கேட்டுட்டு அதைத் திருப்பிச் சொல்லுது."

மறுவாரம் ஒல்லியிடம் ஒரு காரணமும் சொல்லாமல் மூட்டைகளை மாற்றிக்கொண்டாள். ஒல்லியின் நூற்று ஐம்பது கேனை இரண்டு பையில் பொங்கப் பொங்க அடைத்துத் தான் எடுத்துக்கொண்டாள். தன்னுடைய முந்நூற்று இருபதை நசுக்கிக் கட்டி ஒல்லியிடம் கொடுத்தாள். புதுக்கடையில் அவளுக்கு ஐந்து கிலோ வந்தது. ஒல்லிக்கு மூன்று கிலோ நானூறு. புதுக்கடைக்காரன் தராசு வைத்த பலகைக்குக் கீழே இடது கையை வைத்திருந்ததை எண்ணியக்கா இந்தத் தடவை கவனித்தாள்.

அப்படியானால் உண்மையான எடை எது? பழைய கடைக்காரர் காட்டிய நாலு முந்நூறும் பொய்தானா? எல்லோருமே திருடர்கள் என்று முடித்துக்கொண்டால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஆனால் ஒரு சின்ன முள் உறுத்திக்கொண்டே இருந்தது.

கட்டடத்தின் கீழ்த்தளத்தில் தபால் அறை. கடிதங்களை எடை போட அங்கே ஒரு சின்னத் தராசு உண்டு. அதைப் பார்த்துக்கொள்கிறவர் தடித்த கண்ணாடிக்காரர். அவருக்கும் யார் மேலும் நம்பிக்கை கிடையாது; பசைப் புட்டியைக்கூடப் பூட்டி வைப்பவர். எண்ணியக்கா ஐந்து காலி கேனோடு போய் நின்றதும் முதலில் மேஜை இழுப்பறையைப் பூட்டினார்.

"என்னம்மா, கேனுக்குத் தபால்தலை ஒட்டப்போறியா?"

"எடை பாக்கணும் சார்."

"எதுக்கு?"

"ஒரு ஆளு திருடனா இல்லையான்னு தெரியணும்."

கண்ணாடிக்காரருக்கு அந்தக் காரணம் நியாயமாகப் பட்டிருக்க வேண்டும். தராசை அவள் பக்கம் நகர்த்தினார். ஐந்து கேன், அறுபத்தேழு கிராம்.

அவள் பையிலிருந்து வேறு ஐந்து கேன்களை எடுத்தாள். மொட்டைமாடியில் துணி காயப்போடும் கம்பியில் காக்காய் உட்காராமல் இருக்க அவள் கணவர் எட்டு வருஷத்துக்கு முன்னால் கோத்துக் கட்டியவை. அன்று காலைதான் அவிழ்த்துக் கழுவி எடுத்துவந்திருந்தாள். வெயிலில் நிறம் போய் வெளுத்திருந்தன. அவற்றை ஏற்றினாள். எழுபத்தெட்டு கிராம்.

"திரும்பப் போடுங்க," என்றாள். திரும்பவும் அதே எழுபத்தெட்டு. புதியவை அதே அறுபத்தேழு. கண்ணாடிக்காரர் ஒரு தாளில் பெருக்கிப் பார்த்தார். அறுபத்து நாலு பழைய கேன் கிட்டத்தட்ட ஒரு கிலோ. முந்நூற்று இருபது புதுக் கேன் நாலு கிலோ இருநூற்று எண்பத்தெட்டு கிராம்.

"நாலு முந்நூறுன்னு போட்டிருந்தாரு," என்றாள் எண்ணியக்கா, யாரிடமோ சொல்வதுபோல.

"அப்போ பன்னிரண்டு கிராம் கூடத்தானே போட்டிருக்கான். முள்ளுத் தராசுல அவ்வளவுதான் சுத்தமா பாக்க முடியும். இதுல திருடன் யாரு?"

கேன்களைப் பொறுக்கிக்கொண்டு வெளியே வந்தாள். அன்றைக்கு ஏழாவது மாடியைத் துடைத்தபோது ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்ததாகப் பிறகு ஒல்லி சொன்னாள்.

சாயங்காலம் நேரே புதுக்கடைக்குப் போனாள். ஆள் இல்லாத நேரம்.

"தம்பி, உன் தராசுக்குக் காது இருக்கு," என்றாள்.

அவன் மறுக்கவில்லை. பெஞ்சைக் காட்டி உட்காரச் சொன்னான். "உங்களுக்கு என்ன குறை அக்கா? உங்களுக்கு நான் கூடத்தானே கொடுத்திட்டிருக்கேன். வாராவாரம் முக்கால் கிலோ."

"எனக்குக் கொடுக்கிறதை மத்தவங்ககிட்ட இருந்து எடுக்கிறே."

"வெளியே சொல்லப்போறீங்களா? தாராளமா சொல்லுங்க. இத்தனை வாரம் கூட வாங்கினது யாருன்னும் கேப்பாங்க. அதுக்கும் பதில் வச்சுக்கிட்டுப் போங்க."

வீட்டுக்கு வந்து கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பேசாமல் இருந்துவிடலாமா என்றும் கேட்டாள். அவர் வழக்கம்போலக் கிண்டல் பண்ணவில்லை. "பேசாம இருந்துக்குவியா, உன்னால முடியுமா?" என்று மட்டும் கேட்டார்.

மூன்றாம் நாள் சாப்பாட்டு இடைவேளையில் எல்லோரும் படிக்கட்டுக்கு அடியில் உட்கார்ந்திருந்தபோது சொன்னாள். கேன் மெலிந்ததை, பழைய கடைக்காரர் சொன்னது நிஜம் என்பதை, புதுக்கடையின் தராசை, தனக்குக் கூட வந்ததை, எதையும் விடாமல் சொன்னாள். குரல் தடுமாறிற்று. எண்களைச் சொல்லும்போது மட்டும் தடுமாறவில்லை.

ஒல்லிதான் முதலில் கேட்டாள். "இத்தனை வாரமா உனக்குத் தெரியாதா அக்கா?"

"தெரியாது."

"தீப்பெட்டில ஒரு குச்சி குறைஞ்சா தெரியும். முக்கால் கிலோ கூட வந்தது தெரியல?"

"எனக்குக் குறையுதான்னுதான் பாத்தேன். கூட வருதான்னு பாக்கல."

நிஜம் அதுதான். ஆனால் சொல்லிக் கேட்கும்போது அவளுக்கே அது நம்பும்படி இல்லை. பழைய கடைக்காரன் இவளுக்கு ஏதோ தருகிறான்போல என்று நாலாவது மாடிக்காரி பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது அவள் காதில் விழுந்தது. ஒல்லி டிபன் டப்பாவை மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

அந்தச் சனிக்கிழமை எண்ணியக்கா தன் மூட்டையோடு பழைய கடைக்குப் போனாள். என்ன பேசுவது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனவள், அங்கே போனதும் மூட்டையை இறக்கி நீட்டினாள். கடைக்காரர் எழுந்து வந்தார். மூட்டையை வாங்கி அவிழ்த்துத் தரையில் கொட்டினார். ஒவ்வொரு கேனாக எடுத்து, காந்தம் வைத்து, காதருகே ஆட்டிப் பார்த்தார். முந்நூற்றுப் பதினெட்டு கேனையும். அரை மணிக்கு மேல் ஆயிற்று. அவள் வெயிலில் நின்றுகொண்டிருந்தாள், எண்ணவில்லை.

"நாலு இருநூத்தி அம்பது," என்றார் கடைசியில்.

"சரி, அண்ணே." பணத்தை வாங்கிக்கொண்டு இரண்டடி நடந்தவள் திரும்பினாள். "நான் சொன்னது தப்பு. எங்க கட்டடத்துத் தபால் ரூம் தராசுல போட்டுப் பாத்தேன். நீங்க சொன்னதுதான் சரி. எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

"எத்தனை பேர் நம்பினாங்க?"

"ஒருத்தரும் நம்பல."

கடைக்காரர் கேன்களைச் சாக்குக்குள் தள்ளிக்கொண்டே, "வெயில்ல நிக்காதே, போ" என்றார். அதைக் கோபத்தில் சொன்னாரா பரிவில் சொன்னாரா என்று அவளுக்குக் கடைசிவரை புரியவில்லை.

வரிசை ஒரேயடியாகத் திரும்பி வந்துவிடவில்லை. இரண்டு மாதத்தில் நாலைந்து பேர் வந்தார்கள். அவர்களும் அவள் சொன்னதற்காக வந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. புதுக்கடைக்காரன் அதே சுறுசுறுப்போடு பேருந்து நிறுத்தத்துக்கு எதிரேதான் இருந்தான். தன் கடையை விட்டுப் போகாதவர்களுக்கு விலையைக் கொஞ்சம் கூட்டிவிட்டதாகவும் சொன்னார்கள்.

ஒல்லி அவளோடு பேசாமலே இருந்தாள். சரக்கு லிஃப்டில் எதிர்ப்பட்டால் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். ஒரு நாள் காலை, லிஃப்ட் கதவு மூடியதும் எண்ணியக்கா சொன்னாள்: "எட்டாவது மாடி கேனை இனிமே நீ எடுத்துக்கோ."

"எதுக்கு?"

"உன் மூட்டைல போனது என்கிட்ட வந்துச்சு. அது தீர்ற வரைக்கும் எடுத்துக்கோ."

"எப்போ தீரும்?"

"தெரியல. நீயே பாத்துச் சொல்லு."

ஒல்லி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். இதில் என்ன உள்ளடி இருக்கிறது என்று தேடுகிற பார்வை. எண்ணியக்காவுக்கு அந்தப் பார்வையை நன்றாகவே தெரியும். முப்பது வருஷமாக அவளே ஊரைப் பார்த்துக்கொண்டிருந்த பார்வை. லிஃப்ட் எட்டாவது மாடியில் நின்றது. மூலையில் முந்தின நாள் கேன்கள் ஒரு பெரிய பையில் இருந்தன.

"எத்தனை இருக்கு?" என்றாள் ஒல்லி.

"அறுபத்தொண்ணு."

ஒல்லி பையைத் தூக்கிக்கொண்டு போய்விடவில்லை. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். பையைக் கவிழ்த்து, ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ண ஆரம்பித்தாள். எண்ணியக்கா வாளியையும் துடைப்பத்தையும் ஓரமாக வைத்துவிட்டு, அவள் எண்ணி முடிக்கும்வரை காத்திருந்தாள்.